வீல்ஹவுஸ் மூலையில் நான் போட்ட ஓட்டைகள்

அன்புள்ள சாமி,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அந்த வீட்டு மீன்குழம்பு உனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நடுவில் எங்கேயோ அது தலைகாட்டி, நீ கண்டுபிடித்து, என் மருமகள் நிர்மலாவிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் எப்படிச் சொல்வது? எப்போது எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். கையெல்லாம் கிரீஸ், காதில் வைக்க முடியாது என்கிறாய். நியாயம்தான், நானும் லாரி கட்டுகிற ஷெட்டுக்காரிதான். ஆனால் பின்னால் படகை இழுக்கிற வின்ச் சத்தமும் அதற்கும் மேலே உன் மாமியாரின் குரலும் கேட்கும்போது நான் என்ன பேசுவது? “சாப்பிட்டியா கண்ணு?” என்று நான் கேட்டால், நீ வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிடுகிறார், “இப்பத்தாங்க சாப்புட்டாரு, வவ்வால் மீன் வறுத்திருந்தேன்” என்று. அதற்கு மேல் எனக்கு அங்கே என்ன பேச்சு இருக்கிறது? அதனால்தான் காகிதம். இதை அவர் படித்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும். ஆனால் நீ முதலில் படி.

ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லச் சொன்னாய். “ஏனுங்கம்மா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஷெட்டை மூடிட்டு நீங்களும் அப்பாவும் இங்கயே வந்துருங்க. இல்லீன்னா அங்கயே இருந்துட்டு எங்க படகுக்கு வீல்ஹவுஸ் கட்டிக் குடுங்க” என்றாய். நான் இரண்டுக்கும் மாட்டேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். உங்கப்பா அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஷெட்டுக்குள் போய், சும்மா கிடந்த கட்டிங் மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? ஷெட்டை மூடினால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்பதுதான் இப்போது என் முன்னால் இருக்கிற ஒரே கேள்வி. மூடாமல் இருக்க ஒரே வழி, உன் மாமியாரின் படகு யார்டுக்கு வேலை செய்வது. அந்த வழியில் போக என் கால் கூசுகிறது. இதுதான் சாமி என் நிலவரம்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. நாமக்கல்லில் இருந்து சேலம் போகிற ரோட்டில் ஒரு காலத்தில் விடிந்தால் சுத்தியல் சத்தம்தான். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் லாரியை, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வந்து நம் வாசலில் நிறுத்துவான். கேபின் கட்டி, பாடி கட்டி, பெயின்ட் அடித்து, மணப்பெண் மாதிரி அனுப்பி வைப்போம். கட்டியது உங்கப்பா கை. ஆனால் ஆர்டர் பிடித்தது, இரும்பு எடுத்தது, லாரிக்காரர்களிடம் சண்டை போட்டது எல்லாம் நான். கெங்கவல்லியிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில் எனக்கு ‘ங்க’ போட்டுப் பேசவே வராது. ‘என்னா’ என்று கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு இவர்களை மிஞ்சி ங்க போட்டு, அந்த ங்கவோடேயே விலையையும் ஏற்றினேன். இப்போது கம்பெனிக்காரர்களே முழு லாரியாகக் கட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் வரிசையில் பாதி ஷெட் டயர் குடோன் ஆகிவிட்டது. எதிர் ஷெட்டில் கல்யாண மண்டபம் வரப்போகிறதாம். வெல்டர் பழனியண்ணன் மட்டும் காலையில் வந்து, நம் கேட்டைத் திறந்து, பழைய லாரி ஏதாவது அடிபட்டு வராதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த நிலையில்தான் சித்திரை மாதம் நீ எங்களை யார்டைப் பார்க்கக் கூப்பிட்டாய். மீன்பிடித் தடைக்காலம், எல்லாப் படகும் கரையேறி நிற்கும், வந்து பாருங்கள் என்றாய். நாகப்பட்டினம் பக்கம் அந்த மண்ணில் காலை வைத்ததும் என்னைத் தாக்கியது என்ன தெரியுமா? மீன் வாடை இல்லை. சத்தம். கிரைண்டர், சுத்தியல், வெல்டிங், “ஏய் பாத்துடா” என்று யாரோ கத்துவது. நம் ரோட்டில் நின்றுபோன சத்தம் அத்தனையும் அங்கே போய்க் குடியேறியிருந்தது. படகுகள் வரிசையாக முட்டுக்கட்டை கொடுத்து நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் நான்கு பேர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இடம் கிடைக்காமல் தண்ணீரிலேயே காத்திருக்கும் படகுகள் வேறு. ஒரு பெண்பிள்ளை, என் வயதுக்காரி, உன் மாமியார்தான், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் நடுவே நடந்து போகிறார். அவர் நின்ற இடத்தில் வேலை நிற்கிறது, கை காட்டிய இடத்தில் தொடங்குகிறது. அவருடைய கணவர் இன்ஜின் பக்கம் குனிந்தவர் நிமிரவில்லை. நம் வீடு மாதிரியேதான். நான் அனுபவிக்க வேண்டியதை யாரோ எடுத்துக் கட்டிக்கொண்டு என் எதிரில் நடக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் நீ செய்ததைக் கேள். அவர் ஒரு படகுக்கு மேலே ஏறிவிட்டு இறங்கும்போது செருப்பு அந்தப் பக்கம் கிடந்தது. நீ ஓடிப் போய் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாய். “அம்மா, வெயில்ல நிக்காதீங்க, டீ வந்துருச்சு” என்றாய். அம்மா! அங்கே வேலை செய்கிற எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று பிறகு சொன்னாய். நான் கேட்கவே இல்லை, நீயாகவே சொன்னாய். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. நம் பக்கம் மாமியாரை அத்தை என்று கூப்பிட்டால் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடாது. வீட்டில் எத்தனை வருஷம் நான் என் செருப்பை நானே தேடிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதை உனக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அதோடு போச்சா? நாங்கள் திரும்பும்போது, வந்த லாரி வரைக்கும் வழியனுப்ப வந்தாய். முன்பக்கம் ஒரு நசுங்கல் இருந்ததைப் பார்த்துவிட்டு, “அப்பா, அணியத்துல அடி வாங்கியிருக்குது பாருங்க” என்றாய். லாரிக்கு ஏதடா அணியம்? படகின் மூக்குக்குத்தான் அவர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பம்பர் என்று பிறந்ததிலிருந்து சொன்ன வாய், ஒரு வருஷத்தில் மாறிவிட்டது. உங்கப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கு மாறுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், நானே மாற்றிக்கொண்டவள். நாக்கு போன பிறகு மிச்சமும் பின்னாலேயே போகும்.

கிளம்புவதற்கு முன்னால் நான் உன் மாமியாரிடம் ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கிறதா? நம் ஷெட்டிலிருந்து புது லாரி கிளம்பினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். டிரைவருக்குப் பக்கத்தில் நான் ஏறி உட்காருவேன். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகரும், நேராக ஆஞ்சநேயர் கோயில். அங்கே இறங்கிக்கொண்டால் என் வேலை முடிந்தது. அதை எல்லாம் சொல்லிவிட்டு, “உங்க படகுக்குத்தான் சக்கரமே இல்லீங்களே, எலுமிச்சம்பழத்தை எங்கீங்க வெப்பீங்க?” என்று கேட்டேன். விஷமமாகத்தான் கேட்டேன். உங்களிடம் இல்லாதது ஒன்றாவது எங்களிடம் இருக்கிறது என்று காட்ட ஆசை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லீங்களே” என்று மட்டும் சொன்னார். ஜெயித்தது போல் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். திருச்சி தாண்டுவதற்குள் அந்த ஜெயிப்பு தீர்ந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் படகுத் தொழில் உருப்படாது என்று யாராவது சொல்வார்களா என்று தேடியதுதான். சிரிக்காதே. ராசிபுரத்தில் மீன் ஏற்றும் ஏசி லாரி வைத்திருக்கிறானே, நம்மிடம் பாடி கட்டியவன், அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தொழிலு படுத்துரும்னு நானு சொல்லோணும்னு எதிர்பாக்கறீங்களாக்கா?” என்று சிரித்தான். பிறகு, “படகு ஓடற வரைக்கும் ரிப்பேரு ஓடுமுங்க. புதுப் படகைத்தான் சொல்ல முடியாது. டீசல் ஏறுச்சுன்னா பாதிப் பேரு கடலுக்கே போகமாட்டாங்க. மீனும் முன்ன மாதிரி கெடைக்கறதில்ல” என்றான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அடுத்து சேலத்தில் இரும்பு எடுக்கப் போன இடத்தில் கடைக்காரரைத் துருவினேன். மரம் விலை தொட முடியாமல் போய்விட்டது, படகெல்லாம் இரும்புக்கும் ஃபைபருக்கும் மாறிவிட்டது, கடல்பக்கம் போகிற தகடு கூடிக்கொண்டுதான் போகிறது என்றார். என் ஆறுதல் அங்கேயே கரைந்தது. சாயங்காலம் டிவியைப் போட்டால், நம் நாடு கப்பல் கட்டுவதில் பெரிய நாடாக வரப்போகிறது, புதுத் துறைகள் வரும், கரன்டில் ஓடும் படகு வரும், ஆற்றில்கூடப் படகு விடுவோம் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். டிவியை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் இந்த நாட்டின் சுமையெல்லாம் நாங்கள் கட்டிய பாடியில் ஏறிப் போனது. எங்களுக்காக ஒருநாள் ஒருவர் டிவியில் பேசினாரா?

ஆனால் வயிற்றெரிச்சலில் பார்க்கிறவளுக்குக் கண் கூர்மையாகத்தான் இருக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், காதில் போட்டுக்கொள். டிவியில் பேசுகிற கப்பல் வேறு, நீ கட்டுகிற படகு வேறு. அந்தப் பெருமையில் உன் யார்டுக்கு ஒரு சொட்டு விழுந்தால் அதிகம். புதுப் படகுக்கு லைசென்ஸ் இனி இறுகத்தான் செய்யும். மீன் குறையக் குறைய, படகு அதிகம் என்றுதானே சொல்வார்கள்? இன்ஜினுக்கு நீ வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். சுரண்டுவதற்கும் வெல்டிங்குக்கும் ஒடிசாப் பையன்களை நம்பியிருக்கிறாய், அவர்கள் ஊரில் ஒரு விசேஷம் என்றால் உன் யார்டு காலி. எல்லாவற்றுக்கும் மேலே ஃபைபர். ஒரு அச்சு செய்துவிட்டால் அப்பம் வார்க்கிற மாதிரி படகை வார்த்துத் தள்ளலாம். இன்றைக்கு நீயும் வார்க்கிறாய். நாளைக்கு ஒரு பெரிய கம்பெனிக்கு அந்த எண்ணம் வந்தால்? எங்கள் ரோட்டுக்கு அப்படித்தான் வந்தார்கள். முதலில் கேபின் மட்டும் நாங்கள் தருகிறோம் என்றார்கள், பிறகு பாடியும் என்றார்கள், பிறகு நீங்கள் எதற்கு என்றார்கள்.

ரிப்பேர் மட்டும் உன் கையை விட்டுப் போகாது. கடல் உப்பு இருக்கிறதே, அது வருஷம் தவறாமல் இரும்பைத் தின்று, உன் வாசலுக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எங்களுக்குக் குண்டும் குழியுமான ரோடுதான் வேலை கொடுத்தது. இப்போது அதையும் நாலு வழி, ஆறு வழி என்று வழவழவென்று போட்டுவிட்டார்கள். உனக்கு உப்பு, எனக்குத் தார். இதற்குக்கூடப் பொறாமைப்படுவாளா ஒருத்தி என்று கேட்காதே, படுகிறேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கொடிகட்டிப் பறந்த காலம் உனக்கு நினைவிருக்கும். ஊரே ரிக் வண்டி கட்டியது. பழைய லாரிக்கு ஒட்டுப்போடுகிற வேலையை எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நாமும் அப்படிச் செய்யலாம் என்று நான் குதித்தேன். உங்கப்பா, “பழைய வண்டிக்காரனைத் தொரத்தாத புள்ள, அவன் வேற பக்கம் பழகிட்டான்னா திரும்ப வரமாட்டான்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஷெட்டில் பாதி இடத்தை ரிப்பேருக்கே வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் நீ டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் நின்றாய். அப்புறம் ரிக் வண்டியெல்லாம் வேலை தேடி வடக்கே போய்விட்டது, ஆர்டர் நின்றது, மூடிய ஷெட்டுகளை நீயே பார்த்தாய். உன் படிப்பு அந்த ஒட்டு வேலையில் நடந்தது. ஆகையால் சொல்கிறேன், புதுப் படகு கட்டுகிற ஆசையில் கரையை முழுக்க அடைத்துவிடாதே. தடைக்காலத்தில் பழைய படகுக்காரன் வந்து இடமில்லை என்று திரும்பிப் போனால், மறுவருஷம் அவன் வேறு யார்டில் ஏறிவிடுவான். உன் மாமியாருக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்கு எரிச்சல், இருந்தாலும் நானும் ஒருமுறை சொல்லிவைக்கிறேன்.

சரி, வீல்ஹவுஸுக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. “ஒண்ணே ஒண்ணு கட்டிப் பாருங்கம்மா, லாரி கேபின் மாதிரிதான், படகு ஓட்டறவரு உள்ள நின்னு ஓட்டுவாரு, அவ்வளவுதான்” என்று நீ படம் அனுப்பினாய். நான் வேண்டாம் என்றுதான் சொல்லவந்தேன். அதற்குள் உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை வாங்கிவிட்டார். பழனியண்ணன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் முகமும் தீபாவளிக்கு முந்தின நாள் பிள்ளைகள் முகம் மாதிரி ஆகிவிட்டது. என்ன சொல்வது? கட்டினார்கள். அழகாகக் கட்டினார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி, கதவு ஒரே இழுப்பில் மூடும். கடைசியில் பார்வையிட நான் போனேன். வாசலில் ஒரு தடுப்பு உயரமாக நின்றது. “இதென்ன, டிரைவருக்குக் கால் தடுக்காதா? அறுத்து உடுங்க” என்றேன். மூலையில் கழுவிவிடும் ஓட்டை இல்லை. நம் ஷெட் கேபின் என்றால் தரையின் நாலு மூலையிலும் ஓட்டை இருக்கும், ஒரு வாளி ஊற்றினால் மண்ணும் வெற்றிலை எச்சிலும் வெளியே ஓடிவிடும், அதற்காகவே நம்மைத் தேடி வந்த டிரைவர்கள் உண்டு. “படத்துல இல்லீங்கக்கா” என்றார் பழனியண்ணன். “படம் போட்டவனுக்கு நான்தான் அம்மா” என்று சொல்லி நாலு மூலையிலும் ஓட்டை போடச் சொன்னேன். எங்கள் கைவரிசையை அந்தம்மா பார்க்கட்டும் என்று இருந்தது.

தடைக்காலம் முடிந்து முதல்நாள் கடலுக்குப் போன படகில் அது ஏறியது. ரோட்டில் கேபின் போகும்போது தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே போகும். கடலில் அலை தளத்தின் மேல் ஏறி வருமாம், தண்ணீர் வெளியேயிருந்து உள்ளே வருமாம். தடுப்பு அறுத்த வாசல் வழியாகவும் வந்தது, என் ஓட்டைகள் வழியாகவும் வந்தது. நீ எனக்குச் சொல்லவில்லை. உங்கப்பாவிடமும் சொல்லவில்லை. உன் மாமியார்தான் கூப்பிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லணும். மொத நாளு அலையில கேபினுக்குள்ள தண்ணி வந்துருச்சு. டிரைவரு பாயெல்லாம் நனஞ்சு போச்சு, ஒயரு கொஞ்சம் கெட்டுப் போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

“ஓட்டையை அடைச்சுருங்க” என்றேன்.

“வாசல்ல தடுப்பைத் திருப்பி வச்சாச்சு. ஓட்டைக்குக் கட்டை சீவி அடிச்சிருக்கேன், கயித்துல கட்டித் தொங்குது. ஒழிச்சுக் கட்ட மனசு வரலிங்க. கரைக்கு வந்ததும் கட்டைய உருவிட்டு ஒரு வாளித் தண்ணி ஊத்துனா கேபினு பளிச்சுனு ஆயிடுது, மீன் நாத்தமே இல்ல. பக்கத்துப் படகுக்காரங்க வந்து பாத்துட்டு, எங்களுக்கும் இந்த மாதிரி ஓட்டையும் கட்டையும் வேணும்னு கேக்குறாங்க. ஒங்கள்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

அவர் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். சிரித்திருந்தால் ஜென்மத்துக்கும் பேசாமல் இருந்திருப்பேன். என் தப்பைக்கூட வீணாக்காமல் எடுத்து வைத்துக்கொள்கிற ஆளிடம் நான் என்ன செய்வது? இந்த வீட்டுக்காரர்களிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான், எது கையில் கிடைத்தாலும் உருப்படியாக்கிவிடுகிறார்கள். உன்னையும் அப்படித்தான் ஆக்கியிருக்கிறார்கள். இங்கே காலை ஒன்பது மணிக்கு எழுந்தவன் அங்கே விடியலில் கரையில் நிற்கிறாயாம். நான் எழுப்பி எழுந்தாயா ஒருநாளாவது?

அதோடு அவர் ஃபோனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் சொன்னார். “இன்னொண்ணும் சொல்றேன், அவருகிட்ட சொல்லாதீங்க. ஒங்க மவன் ஒரு நட்டு முடுக்குனாக்கூட, எங்கம்மா இப்படித்தான் முடுக்கச் சொல்லுவாங்கன்னுதான் முடுக்குறாரு. எங்கம்மா இருந்தா இந்த வெலைக்குக் குடுக்க மாட்டாங்கம்பாரு. எங்கம்மா இதைப் பாத்தா திருப்பி அனுப்பிடுவாங்கம்பாரு. நிர்மலா சாப்பாடு போடுறா, நான் வேலை குடுக்குறேன், வாயில மட்டும் ஒங்க பேரு. எனக்கு ஆம்பளப் புள்ள இல்லியேன்னு இருந்துச்சு. இப்ப ஒண்ணு வந்துருக்குன்னு நெனச்சா, அதுவும் ஒங்க புள்ளையாவே இருக்கு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்குதுங்க.”

ஒரு மனுஷி மனசு நொந்து சொல்கிறார். நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, சாமி. ஃபோனை வைத்ததும் ஷெட்டுக்கு நடுவில் நின்று சிரித்தேன். பழனியண்ணன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசித்தது. எனக்கு எப்படி எரிகிறதோ அப்படியே அவருக்கும் எரிகிறது என்று தெரிந்த பிறகு, அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், நான் எழுதிவிட்டேன். நானும் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை.

இப்போது பதில். ஷெட்டை மூட மாட்டேன். அங்கே வந்து குடியிருக்கவும் மாட்டேன். ஒரு யார்டில் இரண்டு பேர் கை காட்டினால் படகு குறுக்கேதான் நிற்கும். வீல்ஹவுஸ் கட்டித் தருகிறோம். உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். “செரி புள்ள” என்றார், அவ்வளவுதான். ஆனால் குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தது காதில் விழுந்தது. பழனியண்ணன் தன் மச்சானையும் வேலைக்குக் கூப்பிடலாமா என்று இப்போதே கேட்கிறார்.

விலை பேசுவது நானும் உன் மாமியாரும். நீ நடுவில் வராதே, எந்தப் பக்கம் பேசினாலும் உனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய யார்டுக்கு மட்டும் கட்டுவேன் என்றும் நினைக்காதே. தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று எங்கே கேட்டாலும் கட்டுவேன். ஒரே கம்பெனி சேஸிஸை நம்பி உட்கார்ந்துதான் எங்கள் ரோடு இப்படி ஆனது. நீயும் ஒரே ஊர்ப் படகை நம்பி உட்காராதே. படத்தில் நீ போட்ட தடுப்பை இனி அறுக்க மாட்டேன், அதற்கு என் வாக்கு. நாலு மூலை ஓட்டை மட்டும் இருக்கும். ஓட்டை என்னுடையது, கட்டை அவருடையது. யார் கேட்டாலும் அப்படியே சொல்.

நீ முதன்முதலாக முழுசாகக் கட்டுகிற படகை ஆவணியில் இறக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கான வீல்ஹவுஸை நாளைக்கு ஆரம்பிக்கிறார்கள். அதை ஏற்றிக்கொண்டு வரும் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன். வழியில் ஆஞ்சநேயரிடம் ஒரு நிமிஷம் நிறுத்துவோம். எலுமிச்சம்பழம் நாலு கொண்டுவருகிறேன். அதை எங்கே வைப்பது என்று உன் மாமியாரை இப்போதிருந்தே யோசித்து வைக்கச் சொல். அவர் இடத்தைக் காட்டட்டும், நான் வைக்கிறேன். படகு தண்ணீரில் இறங்கும்போது கரையில் அவர் பக்கத்திலேயே நிற்கிறேன். அழுதால் இரண்டு பேரும் அழுவோம்.

அவரை அம்மா என்றே கூப்பிட்டுக்கொள். அத்தை என்று மாற்றினால் அவர் முகம் வாடிவிடும், அதை என்னால் பார்க்க முடியாது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நம்பாதே, ஆனால் மாற்றாதே. செருப்பை எடுத்து வைத்ததும் சரிதான். எனக்கு ஒன்றே ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கூப்பிடு. ஃபோனைக் காதில் வைத்துப் பேசு.

உன்
அம்மா